கோப்பை வென்ற வருஷத்து ஸ்டாப்பர்

வடக்குத்து கிராமத்து சாமிக்கண்ணுவின் மகள் தமிழ்நிலா நல்ல உயரம். பள்ளிக்கூடத்தில் அந்த உயரத்துக்கு வெட்கப்பட்டுக் கூனியே நடந்தவள், கல்லூரிக்கு வந்து கால்பந்து அணியில் சேர்ந்த பிறகுதான் நிமிர்ந்தாள். இரண்டாம் வருஷத்திலேயே அவள்தான் ஸ்டாப்பர். கோல்கீப்பருக்கு முன்னால் கடைசி ஆளாக நின்று, பந்தோடு வருகிறவளை மறிக்க வேண்டும். கோல் போடுகிறவள் பெயர் பேப்பரில் வரும். ஸ்டாப்பர் பெயர், கோல் விழுந்தால்தான் மற்றவர்கள் வாயில் வரும். அந்த வருஷம் அவள் பெயரை யாரும் அப்படிச் சொல்ல நேரவில்லை.

அணித்தலைவி மலர்விழி. அவள் அப்பா நிலக்கரி மைன்ஸில் பர்மனன்ட். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வீடு. சாமிக்கண்ணுவும் அதே மைன்ஸுக்குத்தான் போனார், ஆனால் கான்ட்ராக்டில். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டிக் கிடக்கும் மண்ணை வாரிப் போடுவது அவர் வேலை. மகள் போலீஸாகிவிடுவாள் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் அவர் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

"விளையாட்டுக் கோட்டாவுல எடுத்துக்குவாங்களாம். ஒரு ஆளு பர்மனன்ட் ஆயிட்டாப் போதும், வூடு எழுந்துரும்" என்பார்.

பல்கலைக்கழகப் போட்டியில் அந்த அணி ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்துக்கொண்டே போனது. தங்கள் கல்லூரியில் பெண்கள் கால்பந்து அணி இருப்பதே தெரியாமல் இருந்தவர்கள், வாசலில் பேனர் கட்டினார்கள். அரையிறுதி அன்று மழை. சேற்றில் ஊன்றிய தமிழ்நிலாவின் கால் அங்கேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் ஏதோ அறுந்த மாதிரி ஒரு சத்தம் அவளுக்குக் கேட்டது. கோட்டுக்கு வெளியே ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு கிடந்தாள். அணி பெனால்டியில் ஜெயித்தது.

மறுநாள் சாமிக்கண்ணு அவளை வண்டியில் உட்கார வைத்து, மேல்பட்டாம்பாக்கம் தாண்டி ஒரு கட்டுக்காரரிடம் கூட்டிப்போனார். அவர் முட்டியை அழுத்திப் பார்த்தார்.

"எலும்பு ஒடையல. நரம்புதான் பெரண்டுகினு கெடக்குது. கட்டுப் போட்டா ஒக்காந்துரும்" என்றார்.

இறுதியாட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. கட்டைப் பிரித்தபோது வீக்கம் வடிந்திருந்தது. நடக்க முடிந்தது. நேராக ஓடவும் முடிந்தது. ஆனால் சட்டென்று திரும்பினால் முட்டி தனியாக நழுவியது. பயிற்சியில் ஒருநாள் அப்படித் திரும்பி அவள் தரையில் உட்கார்ந்துவிட்டதை மலர்விழி பார்த்துவிட்டாள்.

"தமிழு, இன்னும் சரியாவல இல்ல?"

"சரியாயிடுச்சி. பயத்துல கால் இழுக்குது, அவ்ளோதான்."

"எங்கிட்ட பொய் சொல்லாத. ஸ்கேன் எடுத்துப் பாத்தியா?"

"எடுத்தா ஆடாதன்னு சொல்லுவாங்க. ஃபைனல் ஆடுனாத்தான் யுனிவர்சிட்டி டீமுல எடுப்பாங்க. அதுல ஆடுனாத்தான் போலீஸ்ல கூப்புடுவாங்க. ஒனக்கென்னா, ஒங்கப்பா பர்மனன்ட்டு."

மலர்விழி பந்தை எடுத்துக்கொண்டு ஆட்டத்துக்குத் திரும்பினாள். உடற்கல்வி இயக்குநர் கோபாலகிருஷ்ணனிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், தமிழ்நிலாவை அவர் ஆட விட்டிருக்க மாட்டார். சொல்லவில்லை. தோழிக்காகத்தான் சும்மா இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். தமிழ்நிலா இல்லாமல் கோப்பை கிடைக்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

விழுப்புரத்தில் இறுதியாட்டம். ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது கோபாலகிருஷ்ணன் வந்தார்.

"கால் எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்குது சார்" என்று சொல்லி, அந்தக் காலாலேயே எம்பிக் குதித்துக் காட்டினாள் தமிழ்நிலா. அவர் திரும்பி மலர்விழியைப் பார்த்தார். மலர்விழி குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் மலர்விழி ஒன்று போட்டாள். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் எதிரணிப் பெண் ஒருத்தி தனியாகப் பந்தோடு வந்தாள். தமிழ்நிலா நேராக ஓடினாள். அந்தப் பெண் ஏமாற்றி இடதுபக்கம் திரும்பினாள். விட்டால் கோல். தமிழ்நிலாவும் திரும்பினாள். பாதம் பந்தைத் தட்டிவிட்டது. முட்டி அவளோடு வரவில்லை.

பந்து வெளியே போனதும் நடுவர் நீண்ட விசில் ஊதினார். எல்லோரும் கத்திக்கொண்டு மலர்விழியிடம் ஓடினார்கள். தமிழ்நிலா எழுந்திருக்காததைப் பார்த்து முதலில் ஓடி வந்தது அந்த எதிரணிப் பெண்தான். "யாராச்சும் வாங்களேன், இவங்களால கால அசைக்க முடியல" என்று அவள்தான் கூப்பிட்டாள்.

கடலூர் பெரியாஸ்பத்திரியில் ஸ்கேனைப் பார்த்த டாக்டர், முட்டிக்குள்ளே தசைநார் அறுந்திருக்கிறது, அந்தக் காலோடு ஓடியதால் நடுவில் இருக்கும் ஜவ்வும் நசுங்கிவிட்டது என்றார். "முதல்ல அடிபட்டப்பவே ஏன் கூட்டிட்டு வரல?" என்று சாமிக்கண்ணுவைக் கேட்டார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆபரேஷன் நடக்கச் சில மாதங்கள் ஆயின. அதற்கு முன்பே கல்லூரியில் பாராட்டு விழா நடந்தது. மேடையில் தமிழ்நிலாவுக்கு மட்டும் நாற்காலி போட்டு, சால்வை போர்த்தினார்கள். கைதட்டல் ஓய்ந்து கூட்டம் கலையும்போது, அவள் அம்மா மாணிக்கம்மாள் கோபாலகிருஷ்ணனை வழிமறித்தாள்.

"கப்ப எல்லாரும் மாத்தி மாத்தித் தூக்கனீங்களே சார். எம் பொண்ணக் கக்கூசுக்கு நான் ஒருத்தியா தூக்கிகினு போறன். நீங்க ஒருநாளு வந்து பாத்தீங்களா?"

அவர் கை கூப்பினார். அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தார், பிறகும் வந்தார். மாணிக்கம்மாள் தண்ணீர் கொடுப்பாள், பேச மாட்டாள்.

மலர்விழியைப் பல்கலைக்கழக அணிக்கு எடுத்தார்கள். அடுத்த வருஷம் போலீஸிலும் எடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்தும் தமிழ்நிலாவின் முட்டி பாதிக்குமேல் மடங்கவில்லை.

போலீஸ் பயிற்சிக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் மலர்விழி வடக்குத்துக்கு வந்தாள். தமிழ்நிலா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் வேறெதையோ பேசிவிட்டு மலர்விழி சொன்னாள்:

"நான் சார்கிட்ட சொல்லியிருக்கணும் தமிழு. ஒனக்காகத்தான் சொல்லலன்னு இவ்ளோ நாளா நெனச்சிகினு இருந்தேன். கப்பு போயிடுமேன்னும்தான் சொல்லல."

"நீ சொல்லியிருந்தா அப்பவே ஒங்கிட்டப் பேசறத வுட்டிருப்பேன்."

"இப்ப?"

தமிழ்நிலா நீட்டியிருந்த காலைக் கையால் நகர்த்தி வைத்தாள்.

"இப்பவும் பேசப் புடிக்கல மலரு. ஒன்னோட தப்பு இல்ல, ஆடுனது நான்தான். எனக்குத் தெரியும். ஆனா புடிக்கல. ஒன்னப் பாத்தா கால் வலிக்குது."

மலர்விழி அழுதாள். தமிழ்நிலா அழவில்லை. "பத்தரமாப் போயிட்டு வா" என்றாள். அதன்பிறகு மலர்விழி அனுப்பிய செய்திகளுக்கு அவள் பதில் போடவில்லை.

பட்டப்படிப்பை முடித்துவிட்டு தமிழ்நிலா இப்போது பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கம்பெனியில் பருப்புத் தரம் பிரிக்கிறாள். உட்கார்ந்து செய்கிற வேலை. கல்லூரி அணியின் ஆட்டம் பார்க்க வரும்படி கோபாலகிருஷ்ணன் ஒருமுறை போன் செய்தார். போனாள். அவள் இடத்தில் ஒரு புதுப் பெண் நின்றிருந்தாள். இடைவேளை வரை பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாள்.

இன்னொரு ஆபரேஷன் செய்தால் இன்னும் கொஞ்சம் மடங்கலாம் என்கிறார் டாக்டர். செய்துகொள்ளலாம் என்று சாமிக்கண்ணு சொல்கிறார். தமிழ்நிலா இன்னும் சரியென்று சொல்லவில்லை.