சொந்த வீட்டுக்கு ஒரு பைப், வாடகைக்கு ஒரு பைப்

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகும் வழியில், நெல் விளைந்த இடங்களில் இப்போது வாடகை அறைகள் விளைகின்றன. அவற்றில் நான்கு அறைகள் மஞ்சுளாவின் வீட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. தெருவில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. பரசுராமன் பொஞ்சாதி என்றால்தான் தெரியும். வீட்டுக்கு ஆள் வந்தால் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவள் உடம்புதான் உள்ளே போகும், காதும் கண்ணும் வாசலிலேயே இருக்கும்.

அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். அம்மா இடுப்பு ஒடிந்து படுத்தபோது அண்ணன்கள் இருவரையும் யாரும் பள்ளிக்கூடத்தை விடச் சொல்லவில்லை, அவளைத்தான் சொன்னார்கள். வயது வந்ததும் சுங்குவார்சத்திரம் பக்கம் முலாம் பூசுகிற ஒரு சின்னக் கம்பெனியில் தரை துடைக்கிற காண்ட்ராக்ட் வேலைக்குப் போனாள். அங்கே சுவரெல்லாம் குழாய்கள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் வளையம் அடித்திருப்பார்கள். ஊதா வளையம் போட்டதன் பக்கம் போகாதே என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். கூட வேலை பார்த்த உலகம்மாளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. குழாயின் மூட்டில் கசிந்ததை அவள் துணியால் துடைத்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்து வீட்டுக்குப் போனாள். மறுநாள் அவள் இடத்தில் வேறொருத்தி துடைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் அந்தக் கைக்குக் கிடைத்த மரியாதை.

கல்யாணமானதும் வேலையை விட்டாள். பரசுராமன் மறைமலை நகர் கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். பின்பக்கம் அறைகள் எழும்பியதும், வீட்டில் இருந்த பழைய இரும்புக் குழாயையும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தார். போர் தண்ணீரின் உப்பும் துருவும் அடைத்து, குழாயில் காபித் தண்ணீர் மாதிரி வந்துகொண்டிருந்தது. பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர் போல அவர் ஊரெல்லாம் பைப் விசாரித்தார். சாம்பல் நிறப் பிவிசி வெயிலில் வெடித்துவிடும், அது வயலுக்குத்தான் லாயக்கு என்றார் ஹார்ட்வேர் கடைக்காரர். சந்தன நிறத்தில் வருகிற சிபிவிசி சுடுதண்ணீரையும் தாங்கும், துருப்பிடிக்காது, வீட்டுக்கு அதைப் போடுங்கள் என்றார். எல்லாவற்றுக்கும் மேலே ஸ்டீல்தான் என்று டீக்கடையில் தீர்ப்பு வந்தது.

ஒரு நாள் குட்டியானை வண்டி நிறைய ஸ்டீல் பைப் வந்து இறங்கியது. எங்கோ பிரித்துப்போட்ட ஒரு கம்பெனியின் குழாய்கள். பழைய சாமான் எடுக்கிற நண்பர் கொடுத்தாராம். தேய்த்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். பின்னால் அறைகளுக்கு என்று பரசுராமன் தெருவைக் கூப்பிட்டுக் காட்டினார். மஞ்சுளா கதவோரம் நின்று பார்த்தாள். ஒரு குழாயின் நுனியில் தேய்க்க மறந்த இடத்தில் ஊதா வளையம் பாதி மிச்சம் இருந்தது. பக்கத்தில் ஓர் அம்புக்குறி.

கூட்டம் கலைந்த பிறகு அதைச் சொன்னாள். இதில் என்ன ஓடியதோ, யாருக்குத் தெரியும் என்றாள். அவர் சிரித்தார்.

"ஸ்டீல் குண்டான்ல மீன் கொழம்பு வச்சா, கழுவிட்டு அதுலயே பால் காச்சறது இல்ல? உனுக்கு இன்னாடி தெரியும் பைப்பப் பத்தி?"

"அப்ப நம்ம வூட்டுக்கும் இதையே போடுங்க."

அவர் சிரிப்பு நின்றது. வீட்டுக்குச் சிபிவிசி சொல்லியாகிவிட்டது, ஸ்டீல் பின்னால் அறைகளுக்கு என்றார். "நம்ம வூடு வேற, அது வேற. அவங்க இன்னா இங்கயே இருக்கப் போறாங்களா? வேற கம்பெனி கெடச்சா மூட்டைய கட்டிகினு போயிடுவாங்க."

இரண்டு நாள் கழித்து அறை பார்க்க சந்தனமாரி வந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். அவளும் புருஷனும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் மாற்றி மாற்றி ஷிஃப்ட். இடுப்பில் கைக்குழந்தை. சாய்த்து வைத்திருந்த குழாயைத் தடவிப் பார்த்தாள். "எங்களுக்கா ஸ்டீல் பைப்பு போடுதீக? நல்ல மனசு யக்கா உங்களுக்கு. பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச கேன் தண்ணி வாங்கியே ஓஞ்சி போயிட்டோம்."

அந்த நல்ல மனசை மஞ்சுளா எங்கே போய் ஒளித்து வைப்பாள்? இன்னும் கால் மண்ணைத் தொடாத பிள்ளை அது. போய்விடுகிறவர்கள் என்றால் அவர்களுக்குக் குடல் இல்லையா? உலகம்மாளும் போய்விட்டவள்தானே. அந்தக் கம்பெனிக்காரன் நினைத்ததைத்தான் தன் புருஷனும் நினைக்கிறார் என்பதை அவளால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் பரசுராமன் பஸ் எடுக்கப் போனதும் பிளம்பர் வனமாமலையிடம் போனாள். ஸ்டீலை வீட்டுக்குப் போடுங்கள், சந்தன நிறத்தை அறைகளுக்குப் போடுங்கள் என்றாள். அவர் தலையைச் சொறிந்தார். அளவு ஏறக்குறைய சரியாக வந்துவிடும், அது பிரச்சினை இல்லை.

"அண்ணாச்சி என்னையப் போட்டுச் சத்தம் போடுவாவளே யக்கா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க. நல்ல பைப்பு எதுன்னு அவர்தான ஊருக்கே சொன்னாரு."

வனமாமலை அவளை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு வெல்டருக்குப் போன் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் திறந்தார்கள். வாரமெல்லாம் விடியும் முன்பே பஸ் எடுத்து இருட்டிய பிறகு திரும்பிய பரசுராமன் புதுக் குழாய்களை இன்னும் ஏறிட்டுப் பார்க்கவில்லை, பின்பக்கமும் போகவே இல்லை. கூடத்தில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். விளையாடிவிட்டு வந்த மகள் கனிஷ்கா டம்ளரோடு அடுக்களைக் குழாயைத் திறந்தாள். மஞ்சுளா அவளைத் தடுக்கக் கை நீட்டிய அதே நேரத்தில் பரசுராமனின் பார்வை அடுக்களைச் சுவரில் ஏறியது. பளபளவென்று ஸ்டீல் இறங்கியிருந்தது. போனைப் போட்டுவிட்டு ஓடிவந்து டம்ளரைத் தட்டிவிட்டார்.

"குடிக்காத! அதக் குடிக்காத!"

டம்ளர் உருண்டது. குழந்தை அழுதாள். மஞ்சுளா அவளைத் தூக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏன் குடிக்கக் கூடாது?"

எவன் சொல்லி மாற்றினான் என்று கத்தினார். நான்தான் என்றாள். பின்னால் நாலு அறைக் குழாய்களிலும் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. அவர் மாடிக்குப் போய் வீட்டு வால்வை மூடினார். அந்த வாரமே ஸ்டீல் கழன்று வந்த வழியே போனது. வீட்டுக்கும் புதுப் பைப் வந்தது.

சந்தனமாரி குடிவந்த அன்று பரசுராமன் அவள் புருஷனிடம் விளக்கிக்கொண்டிருந்தார். ஸ்டீல் வெயிலில் சூடாகிவிடும் தம்பி, நான்தான் யோசித்து உங்களுக்கு இதைப் போடச் சொன்னேன் என்றார். அவனும் நன்றியோடு தலையாட்டினான்.

வெளி ஆள் முன்னால் பேசாத மஞ்சுளா வாசலுக்கு வந்தாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"அவர் சொல்றது பொய்ம்மா. உங்களுக்குத்தான் அந்தப் பைப்ப வச்சிருந்தாரு. கெமிக்கல் ஓடின பைப்பான்னு கூட கேக்கல. இனிமே எந்த வூட்டுக்குப் போனாலும் பைப்பு எதுல செஞ்சதுன்னு மட்டும் கேக்காத. எங்கருந்து வந்ததுன்னும் கேளு."

சந்தனமாரி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். பரசுராமன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். மஞ்சுளா உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.