கம்பெனி பஸ்ஸில் ஏழாவது கேம்

இந்த வருஷம் ஆறு பழைய டிவி கேம்களைப் போனில் முடித்திருக்கிறேன். எல்லாமே சேரப்பணஞ்சேரியிலிருந்து வல்லம் வடகால் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில்தான்.

எனக்கு ஒரு விதி உண்டு. பாதியில் சேவ் செய்யக் கூடாது. அந்தக் காலத்து கேசட்டில் அந்த வசதி கிடையாது. ஆனால் கம்பெனி கேட்டில் போனை அணைத்து செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் முடிக்காவிட்டால் மறுநாள் முதலிலிருந்துதான்.

இன்று ஏழாவது கேமில் கடைசி வில்லன்வரை வந்துவிட்டேன். தினமும் பக்கத்தில் உட்காரும் செல்வி அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி, டிகிரி படிச்சிட்டு பொம்மைய சுட்டுக்கினு கீற?"

வழக்கம்போல் சிரித்து வைத்தேன். வில்லனுக்குப் பாதி உயிர் போனபோது கேட் வந்துவிட்டது. எல்லோரும் எழுந்தார்கள்.

இந்த பஸ்ஸில் நான் சத்தமாகப் பேசியதே இல்லை. இன்று கத்திவிட்டேன். "டிரைவர் அண்ணா, ரெண்டே நிமிஷம்!"

"நைட் ஷிஃப்ட் ஆளுங்க ஏறணும்மா. எறங்கு."

செல்வி அக்கா படியை மறித்து நின்றார். "இருண்ணா, வில்லன் சாவப் போறான்!"

மொத்த பஸ்ஸும் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது. பட்டனை மாற்றி அழுத்திவிட்டேன். செத்தது நான்தான்.

"சேவ் பண்ணிக்க வேண்டியதுதான?" என்றார் ஒருவர்.

அக்கா முந்திக்கொண்டார். "அது அழுகுணி ஆட்டம்ப்பா. நாளைக்கு அவன வெச்சிக்கலாம்."

நாளைக்கும் சேவ் செய்ய மாட்டேன். வழியில் ஒரகடம் ஜங்ஷனில் டிராஃபிக் ஜாம் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் ஒரே ஆள் நான்தானா, வேறு யாராவது இருக்கிறீர்களா?