எங்கள் தெருவை எடுத்த படம்

கல்லூரி முடித்த வருஷம் முழுக்க ஒரு படத்தைத் தேடி அலைந்தேன். குடிசை வீடுகளைப் பற்றி அரசாங்கம் எடுத்த பழைய செய்திப்படம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, கொள்ளிடக் கரையோரம் எங்கள் தெருவுக்கு வந்து எடுத்தார்களாம். அடுத்த வருஷமே அப்பா இறந்துவிட்டார். அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அவர் முகம் எனக்குத் தெரியாது.

"ஒங்கப்பாவ வாசல்ல நிக்கவெச்சுப் புடிச்சாங்கடா. நீதான் படிச்சவனாச்சே, போயிக் கேட்டுப் பாரேன்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பெரம்பலூரில் ஓர் அலுவலகத்தில் கேட்டேன். "அந்தப் பொட்டியெல்லாம் மாவட்டம் பிரிஞ்சப்ப அரியலூர் போயிருச்சு தம்பி." அரியலூரில் கேட்டால், "மாவட்டத்த மறுபடி ஒண்ணாச் சேத்தாங்கல்ல, அப்பவே திருப்பி அனுப்பிட்டமே" என்றார்கள். மனு எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து அழகாக இருப்பதாகச் சொன்னார்கள். ஐந்தாவது முறை போனபோது கிளார்க் ஒருவர், "ஏன்யா, ஊர்ல புதுப்படமே ஓடலையா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. அதற்குள் பஸ்ஸில் நின்றபடியே தூங்கப் பழகியிருந்தேன்.

கடைசியில், ஏலாக்குறிச்சிப் பக்கம் கூட்டங்களில் படம் போட்டுக் காட்டும் பாதிரியார் ஒருவரிடம் அந்தப் படத்தின் வீடியோ கேசட் கிடைத்தது. ஆனால் அவருடைய டெக் பழுதாகிக் கிடந்தது. சிடி வந்தபின் கடைகளில் டெக்கே இல்லை. அரியலூரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் மட்டும் வைத்திருந்தார். அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன்.

டிவியில் ஒழுகும் கூரைகள், சாய்ந்த சுவர்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஈர அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். இது யார் வாசல், அது யார் வாசல் என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். எங்கள் வாசல் வரவில்லை. படம் முடிந்துவிட்டது.

"எங்க வூட்டத்தான் மொதல்ல புடிச்சாங்க" என்றாள் அம்மா. "ஆபீசருங்க வர்றாங்கன்னு புதுக்கீத்து வேஞ்சு, சாணி மொழுவி, கோலம் போட்டுவெச்சேன். அவருக்கு வெள்ளை வேட்டி எரவல் வாங்கிக் கட்டிவுட்டேன்."

வீடியோக்காரர் கேசட்டை வெளியே எடுத்தார். "அதான் வெட்டிட்டாங்கக்கா. அவங்க ஒழுவுற வூட்டத் தேடில்ல வந்தாங்க."

"நல்லாருக்கே! வர்றவங்களுக்கு வாசக் கூட்டாம வெப்பாங்களா?"

அவர் கேசட்டை உறையில் போட்டு என்னிடம் நீட்டினார். பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

"போட்டது போட்டபடி வுட்டிருந்தா, படத்துல இருந்திருப்பாரு" என்றாள் அம்மா.

எங்கள் ஊர் வழியாகப் போகும் திருமழபாடி பஸ் வந்தது. நான் இடம் பிடிக்க ஓடினேன்.