தீட்டென்று நினைத்த நான்கு நாட்கள்

மாதவிலக்கு வரும் நாட்களை நாட்குறிப்பில் எழுதிவைப்பது என் வழக்கம். கடைசியாக எழுதிப் பதினாறு மாதங்களாகியிருந்தன. இனி வராது என்றே நினைத்திருந்தேன். உடம்பில் திடீரென்று ஏறும் சூடும் வியர்வையும் மட்டும் விடவில்லை. ஒரு நாளில் இரண்டு முறை சட்டை மாற்றினேன்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முதல் நாள் காலை, கழிவறையில் இரத்தத்தைக் கண்டேன். திரும்ப வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். சாமி அறைக்குள் போகவில்லை. விளக்கேற்றும்படி கணவரிடம் சொன்னேன். நாட்குறிப்பில் நாளைக் குறித்து, பக்கத்தில் 'துணியில் படவில்லை' என்றும் எழுதினேன். எழுதினேனே தவிர, அது ஏன் என்று யோசிக்கவில்லை.

மறுநாள் கோயிலுக்குக் கூட்டிப்போகக் கணவரின் தங்கை வந்தாள்.

"என்ன மச்சாள், இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

"நான் வரேல்லை. தீட்டு."

"இந்த வயசிலயோ? அண்ணையைக் கவனமா இருக்கச் சொல்லுங்கோ. பேரப்பிள்ளையோட சேர்த்து இன்னொண்டையும் தூக்க வேண்டி வரப்போகுது!"

இருவரும் சிரித்தோம். படலை வரை போனவள் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினாள். "நிண்டாப் பிறகு வாறது நல்லதில்லையாம். ஒருக்காக் காட்டுங்கோ மச்சாள்."

எனக்கும் அது தெரியும். எங்கள் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி இருந்த ஒருத்திக்கு இப்படித்தான் தொடங்கியது. கர்ப்பப்பைப் புற்றுநோய் என்றார்கள். ஒரு வருடம்கூட அவள் இருக்கவில்லை. ஆனாலும் இந்த நிலையில் டொக்டருக்கு முன்னால் போய்ப் படுக்கக் கூச்சமாக இருந்தது. ஐந்து நாளும் கழியட்டும், தலையில் தோய்ந்துவிட்டுப் போவோம் என்று இருந்தேன். இரவில் அவளுடைய முகமே வந்தது.

நான்காம் நாள் மத்தியானம் வலப்பக்க விலாவுக்குக் கீழே பிடித்த நோ அடிவயிறு வரை இறங்கியது. நிற்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. சாப்பிட்டதை இரண்டு தரம் சத்தி எடுத்தேன். கணவர் மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ஊசி போட்டு நோ தணிந்தபின் பெண் டொக்டர் விசாரித்தார். நாட்குறிப்பைப் பார்த்து வாசித்தேன். இடையில் நிறுத்தினார்.

"துணியில படேல்லையோ? நாலு நாளுமோ?"

"ஓம் டொக்டர். கழிவறைக்குப் போகேக்க மட்டும்தான்."

"அப்ப இது மாதவிலக்கில்லை அம்மா. சலம் போகேக்க அதோட வந்த இரத்தம்."

ஸ்கான் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் ஒன்றும் இல்லை. அந்த ஒழுங்கைக்காரியின் முகம் அப்போதுதான் விலகியது. ஆனால் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் ஆறு மில்லிமீற்றர் கல் ஒன்று அடைத்திருந்தது. வலது சிறுநீரகம் சற்று வீங்கியிருந்தது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்கள்?"

"நாலு கிளாஸ் வரும். கிணத்துத் தண்ணி கிட்னிக்குக் கூடாதெண்டு எல்லாரும் கதைக்கினம். அதுதான் குறைச்சனான்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "கிட்னிக்குப் பயந்து கிட்னியைக் காயப்போட்டிருக்கிறீங்கள். மாதவிலக்கு நிண்டாப் பிறகு கல்லு வாற வாய்ப்பு முந்தியைவிடக் கூட. அதோட இவ்வளவு வேர்வை. வடிகட்டின தண்ணி எண்டாலும் நிறையக் குடிக்கவேணும்."

பத்து நாள் மருந்து. கல் விழுகிறதா என்று ஒவ்வொரு முறையும் சிறுநீரை வடியில் வடித்துப் பார்க்க வேண்டும். காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும். கல் இறங்காமல் வீக்கம் கூடினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

இன்று எட்டாம் நாள். இரத்தம் இல்லை, நோவும் இல்லை. நோ நின்றால் கல் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது என்றும் டொக்டர் சொல்லியிருந்தார். காலையிலிருந்து ஆறு தரம் வடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவியும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நாளை மறுநாள் ஸ்கான்.