மைக்செட் முருகையன் பையில் இருந்த செல்போன்

முருகையனுக்குக் காதுதான் சொத்து. மயிலாப்பூரில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. ஆனால் ஸ்பீக்கரில் 'கொர்' என்று இரைச்சல் கிளம்பினால், கோளாறு எந்த ஒயரில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவர். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கம்பம் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டியதில் தொடங்கிய பிழைப்பு, சபா மேடை வரைக்கும் வந்திருந்தது. காரணம் இல்லாமல் இரைச்சல் வராது என்பது அவர் கட்சி. வீட்டில் மனைவி தாயம்மா லேசாக முனகினால்கூட, ஏன் என்று தெரியாமல் விடமாட்டார். அந்த அம்மாளுக்கு இது பெரிய தொல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் செல்போன் என்று ஒரு சனியன் வந்து சேர்ந்தது. பாட்டு உச்சத்தில் இருக்கும்போது ஸ்பீக்கர் 'டிக்கிடி டிக்கிடி' என்று துடிக்கும். அடுத்த நொடி யார் இடுப்பிலாவது மணி அடிக்கும். பாடகி ஸ்ரீரஞ்சனிக்கும் அவர் கணவர் அனந்தராமன் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். அணைத்துவிட்டு மறுபடி போட்டால் அது ரகசிய எண் கேட்கும். எண் அனந்தராமனுக்கு மட்டும்தான் தெரியும். தப்பாக அழுத்தினால் பூட்டிக்கொண்டுவிடும் என்று வேறு பயமுறுத்தி வைத்திருந்தார். ஆகவே கச்சேரிக்கு முன்னால் ஸ்ரீரஞ்சனி போனை முருகையனிடம் நீட்டிவிடுவார். முருகையன் அதை அணைக்கமாட்டார். மணிச் சத்தத்தை மட்டும் நிறுத்தி, துண்டில் சுற்றிப் பையில் போட்டு, ஆம்ப்ளிஃபையருக்கு எட்டாத மூலையில் வைத்துவிடுவார். இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் வந்ததில்லை.

பம்பாய்க் கச்சேரிக்கு, அங்கே மைக் சரியாக இருக்காது என்று அடம்பிடித்து அவரையும் விமானத்தில் அழைத்துப் போனார் ஸ்ரீரஞ்சனி. திரும்பும்போது விமானம் ஏறுகிற வரைக்கும் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தவர், பழக்க தோஷத்தில் போனை நீட்டினார். இவரும் பழக்க தோஷத்தில் வாங்கிச் சுற்றிப் பையில் போட்டார். பணிப்பெண் வந்து கேட்டபோது, தன் கையில் போன் இல்லை என்றார் ஸ்ரீரஞ்சனி. உண்மை. தனக்குப் போனே கிடையாது என்றார் முருகையன். அதுவும் உண்மை. இரண்டு உண்மைகளுக்கும் நடுவே போன் சமர்த்தாகப் பையில் கிடந்தது.

சென்னை நெருங்கி, விமானம் தாழ இறங்கத் தொடங்கியது. ஜன்னலில் வீடுகள் தெரிந்தன. பணிப்பெண் ஒலிபெருக்கியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் குரலுக்கு அடியில் கேட்டது, டிக்கிடி டிக்கிடி.

முருகையனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தப் படித்த முட்டாள் போனை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறான்? முன்வரிசைக் கோட்டுக்காரரை முறைத்தார். பக்கத்து வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஆளையும் முறைத்தார். அப்புறம் காலடியில் இருந்த தன் பையைப் பார்த்தார். அதே நேரம் இறங்கிக்கொண்டிருந்த விமானம் ஒரு உறுமலோடு மூக்கைத் தூக்கி, மறுபடி மேலே ஏறியது. யாரோ சாமி பேரைச் சொல்லிக் கத்தினார்கள்.

"அம்மா, உங்க போன் என்னாண்டதான் கீது" என்றார்.

ஸ்ரீரஞ்சனிக்கு முகம் வெளுத்தது. "அணைச்சேளா இல்லையா?"

"அணைக்கக் கூடாதுன்னு நீங்கதானம்மா சொல்லிக்கீறீங்க."

முருகையனுக்கு என்ன செய்வது என்று புரியவில்லை. சொன்னால் போலீஸில் பிடித்துக் கொடுப்பார்களோ? சொல்லாமல் இருந்து விமானம் விழுந்துவிட்டால்? விழுந்த பிறகு போலீஸ் என்ன செய்யும் என்று ஒரு கிறுக்கு யோசனையும் குறுக்கே வந்தது. பயம் ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். கடைசியில் போனை எடுத்து, அழுத்தத் தெரிந்த பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு, கையை உயர்த்திப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டார்.

விமானம் கடல் மேல் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஒழுங்காக இறங்கியது. எல்லோரும் போன பிறகு விமானி வந்தார். தமிழ்க்காரர்தான். முருகையன் கும்பிட்டு, "என்னாலதானா சார்?" என்று கேட்டார்.

"ஒரு கருவி தப்பாக் காட்டுச்சு. அதனாலதான் மேல ஏத்தினேன். போனாவும் இருக்கலாம், வேற ஏதாவதாகவும் இருக்கலாம். சொல்ல முடியாதுங்க. இனிமே அணைச்சிடுங்க" என்றார் விமானி.

அவ்வளவுதான். நாலு அறை விட்டிருந்தால்கூட முருகையன் வாங்கிக்கொண்டிருப்பார். இத்தனை படித்த ஒருவர், இத்தனை பெரிய இயந்திரத்தை வைத்துக்கொண்டு, சொல்ல முடியாது என்கிறாரே. கோளாறுக்குக் காரணம் தெரியாமல் எப்படித் திரும்ப அதை ஓட்டுவார்? தான் கொல்லப் பார்த்தவனா, சும்மா பயந்தவனா? நினைக்க நினைக்கத் தலை சுற்றியது.

வெளியே அனந்தராமன் காத்திருந்தார். வேட்டி கசங்கி, முகமெல்லாம் வியர்வை. மனைவியைக் கண்டதும் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வேலியோரமா நின்னு பாத்துண்டிருந்தேன். ப்ளேன் கீழ வரது தெரிஞ்சதும், தரையிலேருந்தே உன்னோட பேசலாம்னு ஆசையா என் போன்லேருந்து அடிச்சேன். மணி போயிண்டே இருக்கு, நீ எடுக்கலை. அந்த நேரம் பாத்து ப்ளேன் மேல போயிடுத்து. எனக்கு உயிரே போயிடுத்துடி" என்றார்.

ஸ்ரீரஞ்சனி முருகையனைத் திரும்பிப் பார்த்தார்.

அனந்தராமன் இன்னும் தன் போனைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். "ஏன் முருகையா, எதுக்கு அப்படி மேல ஏத்தினான்?" என்று கேட்டார்.

ஆயுசு முழுக்க இரைச்சலின் முனையைத் தேடிப் பிடித்தவருக்கு, அந்த முனை எதிரே வேர்த்து விறுவிறுத்து நின்றது. விரலை நீட்டினால் போதும், தன் பாரத்தில் பாதி இறங்கிவிடும். முருகையன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"தெரியலீங்க சார். பைலட்டுக்கே தெரியலையாம்" என்றார்.