சம்பந்தியின் கில்ட்

என் மகள் கட்டப்போகும் ஸ்கொட்லாந்துப் பையனின் தகப்பன், யாரோ ஒருவரின் கல்யாணப் படத்தில் கில்ட் உடுத்து நிற்கிறார், அதுதான் அவர்கள் ஆண்கள் உடுக்கும் முழங்கால் அளவுப் பாவாடை. கடும் பச்சையும் நீலமும் கலந்த கட்டம், குறுக்கே ஒல்லியாக ஒரு மஞ்சள் கோடு. அந்தக் கட்டத்தை டார்ட்டன் என்கிறார்கள். அது எந்தக் குலத்தின் டார்ட்டன் என்று கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

வேலையைத் தந்தவர் லண்டனில் வால்தம்ஸ்டோவில் இருக்கும் என் அண்ணை. என்னைப்போல் மனைவியை இழந்தவன் மகளைத் தாரை வார்த்துக் கொடுப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. அண்ணையும் அண்ணியும்தான் தம்பதியாக மணவறையில் இருக்க வேண்டும். அண்ணை மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆட்கள் யார், அதாவது என்ன சாதி என்று மட்டும் விசாரிக்கச் சொன்னார். லண்டனுக்கு வந்து தலை நரைத்த பிறகும், கல்யாணப் பேச்சென்றால் எங்கள் ஆட்களுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வாயில் வரும். வெள்ளைக்காரனிடம் அதை எப்படிக் கேட்பது? அண்ணை அதற்கும் வழி வைத்திருந்தார். துணியைப் பார்த்தாலே அவர்களின் குலம் தெரியுமாம்.

ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்ட கோப்பையைக்கூடக் கழுவாமல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். இணையத்தில் பச்சை நீலக் கட்டம் குவிந்து கிடக்கிறது. கோடு தடித்தால் ஒரு குலம், மெலிந்தால் இன்னொன்று. கண் எரியும். வாசிக்க வாசிக்க, அண்ணையின் கேள்விக்கு அங்கே இடமே இல்லை என்று விளங்கியது. குலத் தலைவனின் நிலத்தில் குடியிருந்தவர்களும் அவன் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறார்கள், இரத்த உறவு வேண்டியதில்லை. இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம் என்று வகுத்ததே பெரும்பாலும் பிற்காலத்து வேலை. அரசனுக்கெதிரான போரில் தோற்ற பிறகு ஸ்கொட்லாந்து மலைநாட்டு ஆண்கள் அந்த உடுப்பையே உடுக்கக் கூடாதென்று சட்டம் போட்டிருந்தார்கள். அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

பிறகு சம்பந்தி, மண்டபம் பார்க்க வந்த இடத்தில் ரெய்னர்ஸ் லேனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி கொடுத்துவிட்டு, வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் சிரித்தார். அது வாடகைக் கில்ட்டாம். கடையில் அவருடைய இடுப்புக்கு அளவானது அது ஒன்றுதானாம். தன் குலம் எதுவென்று தனக்கே தெரியாது, பாட்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர் என்பது மட்டும் தெரியும் என்றார். அவர் என்னைக் கேட்டது ஒன்றுதான். இவ்வளவு வேலையையும் தனியாக எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார்.

அவர் போனதும் ஸ்பீக்கரில் போட்டு அண்ணைக்குப் போன் எடுத்தேன். பொய் சொல்லியிருக்கலாம். ஏதோ ஒரு தலைவனின் வம்சம் என்றால் அண்ணை பட்டு வேட்டியோடு வந்து நின்றிருப்பார். ஆனால் சொன்ன பொய்யைக் கட்டிக் காக்கவும் தெம்பு வேண்டுமே. எனக்கு அது இல்லை.

"அப்ப ஆற்றை ஆக்கள் எண்டு தெரியாது," என்றார் அண்ணை.

"அவருக்கே தெரியாது, அண்ணை."

"தெரியாத இடத்திலை நான் தாரை வார்க்க ஏலாது."

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகள் ஈரக் கையோடு வந்து நின்றாள். இங்கே பிறந்தவள், தமிழை யோசித்து யோசித்துத்தான் பேசுவாள்.

"அம்மா செத்திட்டால், நீங்கள் எனக்கு அப்பா இல்லையோ?"

அண்ணை இன்னும் லைனில்தான் இருந்தார்.

"நீங்கள் முன்வரிசையிலை வந்து இருங்கோ, அண்ணை," என்றேன். "என்ரை பிள்ளையை நான் தாரை வார்க்கிறன்."