அம்மா சாப்பிட்ட பாண்

உடுப்பிட்டியில் பிறந்து, 1983இல் கோப்பாய்க்கு மருமகளாக வந்து, எங்கள் எல்லோரையும் தாங்கி நின்ற அம்மா கண்மூடி இன்று முப்பத்தொரு நாளாகிறது. அவரின் பொறுமையைப் பலரும் புகழ்ந்துவிட்டீர்கள். அம்மா அப்படியொன்றும் பொறுமைசாலி அல்லர். பிடித்த பிடியை விடாதவர். அதை மகள் நான் சொல்லாவிட்டால் யார் சொல்வது?

வந்த நாள் முதல் அம்மாவுக்கு வயிற்றுக் கோளாறு. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. சுகமில்லாதவருக்குக் கோதுமை மாவில் சுட்ட பாண் கொடுப்பதுதானே நம் வழக்கம்? பார்க்க வந்தோர் பாணும் விசுக்கோத்துமாகக் கொண்டுவந்து குவித்தார்கள். அம்மாவுக்கும் மொறுமொறுப்பான ரோஸ் பாண் என்றால் உயிர். தேநீரில் தோய்த்துச் சாப்பிடுவார், மறுபடி படுப்பார். பின்னர் பிறந்த நானும் வயிறு ஊதி, கைகால் சூம்பி, வளராத பிள்ளையாக இருந்தேன்.

போரினால் கோதுமை மா வராமல் போன காலத்தில் நாங்கள் இருவரும் தேறினோம். "ஊரே மெலியுது, நீர் மட்டும் கொழுக்கிறீர் மச்சாள்" என்று அப்பாவின் தங்கையான மாமி பகிடி பண்ணினார். அம்மா அந்தப் பகிடியை விடவில்லை. "கோதுமை மாதான் எங்களுக்கு ஒத்துவராது" என்றார். ஒருவரும் நம்பவில்லை. மா மறுபடி வந்ததும், போகும் வீடெல்லாம் என் கையில் விசுக்கோத்தைத் திணித்தார்கள். தின்றேன், படுக்கையில் விழுந்தேன். அதன்பின் பல மாதங்கள் அம்மா என்னை எந்த வீட்டுக்கும் கூட்டிப் போகவில்லை. வைத்தியர் வாயால் ஒரு சொல் வராமல் என்னைக் காப்பாற்ற முடியாது என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

1995 தொடக்கத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனார். வைத்தியர் எங்கள் இரத்தத்தை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது.

"கடைசியாய் எப்ப பாண் சாப்பிட்டனீங்கள்?" என்று வைத்தியர் கேட்டார்.

"நான் விட்டு வருசக்கணக்கு, டொக்டர். பிள்ளையும் பல மாதமாய்த் தொடயில்லை."

அப்போதுதான் அவர் விளக்கினார். கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒரு நோய் இருக்கிறது; அது உள்ளவரின் உடம்பு கோதுமையைப் பகையாக நினைத்து இரத்தத்தில் பிறபொருளெதிரி என்ற எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். கோதுமையை விட்டால் அதுவும் மெல்ல மறைந்துவிடும், சோதனையில் அகப்படாது. சில கிழமைகள் பாண் சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடி பார்க்கலாம் என்றார்.

"பிள்ளையை விடுங்கோ. நான் சாப்பிடுறன். என்னிலை பிடிபட்டால் அவளுக்கும் அதுதான் எண்டு சொல்லுவியளோ?"

"ஓம், ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வருத்தம், பரம்பரையாயும் வாற நோய்தானே. சொல்லலாம்" என்றார் வைத்தியர்.

வெள்ளவத்தையில் சின்னம்மா வீட்டில் தங்கி அம்மா நாள்தோறும் பாண் சாப்பிட்டார். முதல் நாள் ஆசையாகச் சாப்பிட்டார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார். ஒரு காலை நான் பொறுக்கமாட்டாமல் அவரின் பாணைப் பறித்துக் காகத்துக்கு எறிந்தேன். அம்மா அடிக்கவில்லை. "நான் சாப்பிட்டால்தான் பிள்ளை, நீ சாப்பிடாமல் இருக்கலாம்" என்று சொல்லிச் சின்னம்மாவிடம் இன்னொரு துண்டு கேட்டார்.

இம்முறை பிறபொருளெதிரி தெரிந்தது. நோய் இருக்கிறது என்று கேட்டு "அப்பாடா" என்று சிரித்தவர் என் அம்மா ஒருவராகத்தான் இருப்பார். ஊர் திரும்பியதும் என்னை முதலில் மாமி வீட்டுக்குத்தான் கூட்டிப் போனார். மாமி எங்களுக்கு அரிசி மாப் புட்டு அவித்தார். அம்மா அதன்பின் பாணைத் தொடவேயில்லை. நான் அவரை விட உயரமாக வளர்ந்தேன்.

கடைசி நாள்களில் அம்மாவைக் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், பந்தலிட்ட அயலவருக்கும், பாணை விட்டுப் பழம் கொண்டுவந்து பார்த்த உறவுகளுக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று அம்மாவுக்கு விருப்பமானவற்றைப் படைத்தோம். அப்பா ஒரு ரோஸ் பாணைக் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் திகைத்துப் பார்த்தோம்.

"இனி அது அவவை ஒண்டும் செய்யாது" என்றார்.

படையலை மாமிதான் பகிர்ந்தார். எல்லோர் கையிலும் ஒரு துண்டு பாண் வைத்தவர், என்னைத் தாண்டிப் போனார். அப்படித் தாண்டிப் போகத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி.